மேல்காற்றை அளக்க எந்தத் தரவு: மறைப்பா, பலூனா, மொட்டைமாடி ஆன்டெனாவா, சவுண்டரா?

டிசம்பர் பிறந்தால் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ஒரே ரகம். "அக்கா, எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், பருவமழை பற்றி ஏதாவது செய்யச் சொல்லிவிட்டார்கள், காஸ்மிக்-2 செயற்கைக்கோள் தரவு இலவசமாம், எடுக்கலாமா, இல்லை மீனம்பாக்கம் பலூன் தரவே போதுமா?" இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள். மொட்டைமாடியில் ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர் வைத்தாலே நீராவியை அளக்கலாம் என்கிறார்களே, பிறகு விண்வெளி வரைக்கும் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

தரவு இலவசமா என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். இங்கே சொல்லப்போகிற எல்லாமே இலவசம்தான், அல்லது இலவசத்துக்குப் பக்கத்தில். நான் பார்ப்பது வேறு. உங்களுக்கு உயரவாரியாக வேண்டுமா (1 கி.மீ.யில் எவ்வளவு, 5 கி.மீ.யில் எவ்வளவு, 17 கி.மீ.யில் எவ்வளவு), அல்லது தலைக்கு மேல் மொத்தமாக எவ்வளவு நீராவி என்று தெரிந்தால் போதுமா? இடமும் நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டுமா, கிடைத்த இடத்தில் கிடைத்தால் சரியா? மேகமும் மழையும் இருக்கும்போதும் அளவு வேண்டுமா? பத்து இருபது ஆண்டுப் போக்கைப் பார்க்கப் போகிறீர்களென்றால் கருவி மாறினாலும் அளவு மாறாமல் நிற்குமா? கடைசியாக, உங்களிடம் இருக்கும் மாதங்கள் எத்தனை.

இதில் முதல் இரண்டும்தான் உயிர். உயரம் துல்லியமாக வேண்டுமென்றால் இடத்தையும் நேரத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், இடமும் நேரமும் வேண்டுமென்றால் உயரத்தை விட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் ஒரே கருவி இன்னும் வரவில்லை.

ரேடியோ மறைப்பு: சுற்றுப்பாதையிலிருந்து ஜி.பி.எஸ்.ஸைப் பார்ப்பது

கன்னியாகுமரியில் சூரியன் கடலைத் தொடுகிறது என்று எல்லோரும் கைபேசியைத் தூக்கும் அந்த நொடியில், சூரியன் உண்மையில் ஏற்கனவே கீழே இறங்கிவிட்டிருக்கும். காற்று ஒளியை ஏறத்தாழ அரை டிகிரி வளைத்து அதை மேலே தூக்கிக் காட்டுகிறது. மறைப்பு முறையும் இதே கதைதான். சூரியனுக்குப் பதில் ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள், பார்ப்பது நாமல்ல, சில நூறு கி.மீ. உயரத்தில் சுற்றும் இன்னொரு சிறிய செயற்கைக்கோள். ஜி.பி.எஸ். பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறையும்போதோ அங்கிருந்து உதிக்கும்போதோ அதன் அலை காற்றைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வருகிறது. உள்ளே நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது இன்னொரு முறை என்று வளைவதால் தரையை ஒட்டிய பாதையில் மொத்த வளைவு ஒரு டிகிரியைத் தாண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் அடுக்காக வருடிவிடும். வளைவிலிருந்து காற்றின் அடர்த்தி, அதிலிருந்து அழுத்தமும் வெப்பநிலையும், கீழே வந்தால் நீராவியும்.

முறை பழையது. 1965-இல் மரைனர் 4 செவ்வாயின் பின்னால் போனபோது அதன் ரேடியோ அலை மங்கிய விதத்தை வைத்துத்தான் அங்கே காற்று எவ்வளவு மெல்லியது என்று கண்டுபிடித்தார்கள். பூமிக்கு இதைச் செய்ய ஆள் கிடைத்தது ஜி.பி.எஸ். வந்த பிறகு. 1995-இல் ஜி.பி.எஸ்./மெட் சோதனை, 2000-இல் ஜெர்மனியின் சாம்ப், 2006-இல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய ஆறு காஸ்மிக் செயற்கைக்கோள்கள், 2019 ஜூனில் இன்னும் ஆறாகக் காஸ்மிக்-2. இந்தக் கடைசி ஆறும் 24 டிகிரி சாய்வில் சுற்றுவதால் துருவப் பக்கமே போகாது. நமக்கு நல்லது, வெப்பமண்டலத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. நாளுக்கு ஏறத்தாழ 5,000 மறைப்புகள்.

இதன் பெரிய பலம் என்னவென்று கேட்டால் நான் சொல்வது, இது வெப்பமானி அல்ல, கடிகாரம். அலை எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைத்தான் அளக்கிறது, நேரத்துக்கு அணுக்கடிகாரம் இருக்கிறது. ஆகவே 2006-இல் ஒரு செயற்கைக்கோள் அளந்ததையும் 2024-இல் வேறொன்று அளந்ததையும் பெரிய ஒட்டுவேலை இல்லாமல் பக்கத்தில் வைக்கலாம். வானிலை மையங்கள் மற்ற செயற்கைக்கோள் அளவுகளையெல்லாம் திருத்தித்தான் முன்கணிப்புக்கான கணினி மாதிரிக்குள் விடும், இதைத் திருத்தாமலே விட்டு மற்றவற்றுக்கு நங்கூரமாக வைத்துக்கொள்கின்றன. அலைநீளம் 19 முதல் 24 செ.மீ. வரை என்பதால் மேகம், மழை எதுவும் பெரிய தடையில்லை. 8 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ. வரை இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நம் தலைக்கு மேல் 17 கி.மீ.யை ஒட்டி, மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்த் திரும்பும் அந்தக் கூர்மையான முனையை, அதாவது மேகமும் மழையும் நடக்கும் கீழடுக்கின் மேல் எல்லையான ட்ரோபோபாஸை, மற்ற செயற்கைக்கோள்கள் வழுவழுவென்று மழுக்கிவிடும். மறைப்பில் அது ஊசி மாதிரி தெரியும்.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். இங்கேதான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

முதலாவது, எண்ணிக்கை. 5,000 என்றால் மலைப்பாக இருக்கிறது அல்லவா? அது வடக்கே 40 டிகிரியிலிருந்து தெற்கே 40 டிகிரி வரை பரவிக் கிடக்கிறது. அந்தப் பட்டையின் பரப்பு சுமார் 33 கோடி சதுர கி.மீ. வகுத்துப் பாருங்கள், 65,000 சதுர கி.மீ.க்கு நாளுக்கு ஒன்று. தமிழ்நாடு முழுவதற்கும் நாளுக்கு இரண்டு! சராசரிக் கணக்குதான், சில நாள் நான்கு விழும், சில நாள் ஒன்றும் இராது. மீனம்பாக்கம் பலூனோடு ஒப்பிட 100 கி.மீ.க்குள், ஒரு மணி நேரத்துக்குள் விழும் ஜோடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏழெட்டு ஜோடிதான் தேறும். 300 கி.மீ., மூன்று மணி நேரம் என்று தளர்த்தினால் ஏறத்தாழ 200 வரும், ஆனால் அப்போது நெல்லூர்க் காற்றையும் சென்னைக் காற்றையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள்.

இரண்டாவது, ஒரு மறைப்பு என்பது ஒரு புள்ளி அல்ல. அலை பக்கவாட்டில் போவதால் ஒவ்வோர் அளவும் 200 முதல் 300 கி.மீ. நீளக் காற்றின் சராசரி. கோப்பில் 100 மீட்டருக்கு ஒரு வரி இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், அது கட்டம் போட்ட இடைவெளி மட்டும்.

மூன்றாவது, ஈரம். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். முதன்முதலில் வங்காள விரிகுடா மேல் நவம்பர் மாதக் கோப்பு ஒன்றைத் திறந்து வரைந்தேன். 12 கி.மீ.க்கு மேலே அழகான கோடு. கீழே வர வர, 3 கி.மீ.யில் மைனஸ் 25 டிகிரி. நவம்பரில், வங்கக்கடல் மேல்! நிரலில் தப்பென்று இரண்டு நாள் பைத்தானை நோண்டினேன். நிரலில் ஒரு தப்பும் இல்லை. நான் எடுத்தது 'உலர் வெப்பநிலை'. காற்றில் நீராவியே இல்லை என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. நீராவியும் அலையை வளைக்கும், கணக்கோ அதை அடர்த்தியான குளிர்ந்த காற்று என்று எடுத்துக்கொள்ளும். அங்கே உண்மையில் இருந்திருக்க வேண்டியது 9 டிகிரியை ஒட்டி.

அப்படியென்றால் 'வெட்' (ஈரம்) என்று பெயர் தொடங்கும் கோப்பை எடுத்தால் போயிற்று என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் ஒரே வளைவிலிருந்து வெப்பத்தையும் நீராவியையும் பிரிக்க அவர்கள் ஒரு வானிலை மாதிரியின் முன்கணிப்பைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்த நீராவியை எடுத்து இன்னொரு மாதிரியோடு ஒப்பிட்டு "அருமையாகப் பொருந்துகிறது" என்று எழுதினால், தன் விடைத்தாளைத் தானே திருத்தியதுபோல் ஆகிவிடும். அளவுகளையும் மாதிரியையும் சேர்த்துப் பழைய வானிலையை மறுபடி கட்டும் ஈரா5 மறுபகுப்பாய்வோடு ஒப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும், அது மறைப்புத் தரவை ஏற்கனவே விழுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. வைவாவில் யாராவது இதைக் கேட்பார்கள். நானாக இருந்தால் கேட்பேன்.

கடலை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு கி.மீ.யிலும் சங்கடம் உண்டு. ஈரமான காற்று மேல் வறண்ட காற்று மூடிபோல் உட்கார்ந்தால் அலை அதற்குள் மாட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். மேலே 40 கி.மீ.யைத் தாண்டினால் வளைவே அற்பம், அதற்கும் மேலே மின்னேற்றம் பெற்ற காற்றான அயனி மண்டலத்தின் மிச்சம் அதை மூழ்கடித்துவிடும். ஜி.பி.எஸ். அனுப்பும் எல்1, எல்2 என்ற இரண்டு அதிர்வெண்களைச் சேர்த்து அதைக் கழிக்கிறார்கள், முழுக்கப் போவதில்லை.

மாறாக அயனி மண்டலமே உங்கள் பாடம் என்றால் இந்தத் தொல்லையே செல்வம். காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது, 1963-இல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவை அதற்குத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். சூரியன் மறைந்தபின் அங்கே எழும் அயனி அடர்த்தி குறைந்த குமிழிகளைப் படிக்க மறைப்புத் தரவைவிட நல்ல துணை சொற்பம்.

மறைப்பை எடுக்க வேண்டியவர்கள்: ட்ரோபோபாஸ், அதற்கு மேலுள்ள அலைகள், நீண்டகால வெப்பப்போக்கு, பெருங்கடல் மேல் உயரவாரி அமைப்பு. ஒரு ஊரின் ஒரு நாள் மழையைப் பார்க்கிறவர்கள் வேண்டாம்.

பலூன்

வெப்பமானியும் ஈர உணரியும் கட்டிய பலூனை வானிலை நிலையங்கள் பறக்கவிடுகின்றன, நாளுக்கு இரண்டு முறை, உலகம் முழுவதும் ஒரே நேரத்துக்கு, நம் கணக்கில் அதிகாலை 5.30, மாலை 5.30 அளவுக்கு (கொஞ்சம் முன்பே விட்டுவிடுவார்கள்). நம் பக்கம் மீனம்பாக்கம், காரைக்கால், திருவனந்தபுரம். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணித்து 30 கி.மீ. பக்கம் வெடிக்கும். வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் எல்லாம் ஒரே சீட்டில். காற்று வேகத்தை மறைப்பு நேரடியாகத் தராது என்பதை நினைவில் வையுங்கள், பலருக்கு இந்த ஒன்றிலேயே முடிவு தெரிந்துவிடும்.

வயோமிங் பல்கலைக்கழகத் தொகுப்பில் நிலைய எண் 43279 என்று போட்டால் சென்னை வந்துவிடும். ஒரு மதியத்தில் வேலை தொடங்கலாம். நெட்சிடிஎஃப் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, எழுத்துக் கோப்புதான்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? பகலில் வெயில் வெப்பமானியையே சுட்டுவிடும், மேல் உயரத்தில் அதைத் திருத்த வேண்டும். கடுங்குளிரில் ஈர உணரி மந்தமாகிவிடும், 12 கி.மீ.க்கு மேல் ஈர அளவை நான் நம்புவதில்லை. ஆண்டுகள் போகப் போகக் கருவி வகை மாறும், மாறிய ஆண்டில் வரைபடத்தில் ஒரு படி தெரியும், அதைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிவிட்டு வழிந்தவர்கள் உண்டு. கடல் மேல் தீவுகளைத் தவிர ஒன்றுமில்லை. நாளுக்கு இரண்டே முறை என்பதால் மதியம் மூன்று மணிக்கு எழும் இடிமழை இரண்டு பலூனுக்கும் நடுவில் நழுவிவிடும்.

ஆனாலும் கரையோரத்தில் ஒரே ஊர், முதல் 10 கி.மீ., காற்றும் வேண்டும் என்றால் பலூனை விட்டு வேறெங்கும் போகாதீர்கள்.

மொட்டைமாடி ஆன்டெனா

இதுவும் அதே ஜி.பி.எஸ். தாமதம்தான், ஆனால் கீழிருந்து மேலே பார்ப்பது. தரைமட்டத்தில் நேர் மேலே பார்த்தால் காற்று அலையைச் சுமார் 2.3 மீட்டர் (நேரத்தைத் தூரமாக மாற்றிச் சொன்னால்) தாமதப்படுத்துகிறது, அது அழுத்தத்திலிருந்து கணக்கிட்டுக் கழிக்கக்கூடியது. மிச்சம் நீராவியால். பருவமழை நாளில் முப்பது நாற்பது செ.மீ. வரும், ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்றரை மி.மீ. நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலுள்ள நீராவியையெல்லாம் பிழிந்தால் எத்தனை மி.மீ. நிற்கும் என்ற அந்த ஒரே எண், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மழையானாலும் வெயிலானாலும். மழை தொடங்கும் முன் அந்த எண் மெல்ல ஏறுவதைப் பார்க்கும் சுகமே தனி.

உயரம் மட்டும் தெரியாது. நீராவி 1 கி.மீ.யில் இருக்கிறதா 5 கி.மீ.யில் இருக்கிறதா என்று இந்த ஒரு எண் சொல்லாது.

பணச் செலவு இங்கேதான் உண்டு. இரட்டை அதிர்வெண் ரிசீவர், ஒழுங்கான ஆன்டெனா, கூடவே நல்ல அழுத்தமானி. அழுத்தத்தில் ஒரு மில்லிபார் பிழை என்றால் நீராவியில் 0.35 மி.மீ. பிழை. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அலை அதில் பட்டுத் தெறித்து வந்து கணக்கைக் கெடுக்கும். எங்கள் மாடியில் ஒரு காகம் தினமும் காலை ஏழு மணிக்கு ஆன்டெனா மேல் உட்காரும், தரவில் ஏழு மணிக்கு ஒரு குட்டிப் பல் விழும். இரண்டு வாரம் அதை அயனி மண்டலம் என்று நம்பினோம். அப்புறம் நாலு கம்பியைக் குத்திட்டு நிறுத்தினோம், அயனி மண்டலம் சரியாகிவிட்டது.

வாங்க வழியில்லையென்றால் பெங்களூர், ஹைதராபாத் நிலையங்களின் தரவு, ஐ.ஜி.எஸ். என்ற உலகளாவிய ஜி.பி.எஸ். நிலைய வலையமைப்பில், திறந்தே இருக்கிறது.

சவுண்டர்

காற்று வெளியிடும் கதிர்வீச்சை மேலிருந்து அளந்து வெப்பத்தையும் ஈரத்தையும் கணிக்கும் கருவி இது. இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் மாதிரி 36,000 கி.மீ. மேலே நின்றபடி அகச்சிவப்பில் பார்க்கும் சவுண்டர், அல்லது அமெரிக்காவின் நோவா-20 செயற்கைக்கோள் மேல் இருக்கும் 22 அலைவரிசை மைக்ரோவேவ் சவுண்டர். பரப்பில் இவற்றுக்கு ஈடில்லை, வங்காள விரிகுடா முழுவதும் ஒரே விரிப்பாகக் கிடைக்கும். செங்குத்தில் மழுங்கல், ஓர் அளவு பல கி.மீ. தடிமனின் கலவை. அகச்சிவப்புக்கு மேகம் சுவர், நமக்குப் பார்க்க வேண்டிய நாளெல்லாம் மேகம்தான் இருக்கும். மைக்ரோவேவ் மேகத்தைத் தாண்டும், கனமழையில் தடுமாறும். புயலின் சூடான மையத்தைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோவேவ். வேறெதற்கும் ப்ராஜெக்ட் அளவில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அலைவரிசைத் திருத்தங்களைப் புரிந்துகொள்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஒரே பார்வையில்

| | மறைப்பு | பலூன் | மொட்டைமாடி | சவுண்டர் |
|---|---|---|---|---|
| உயரவாரி | மிக நன்று, 8–30 கி.மீ. | நன்று, ஈரம் 12 கி.மீ. வரை | இல்லை | மழுங்கல் |
| இடம் உங்கள் கையில் | இல்லை | நிலையம் உள்ள ஊர் | ஆம் | ஆம், விரிப்பாக |
| நேரம் | விழும்போது | நாளுக்கு 2 | 5 நிமிடம் | வகையைப் பொறுத்து |
| மேகம், மழை | தடையில்லை | தடையில்லை | தடையில்லை | அகச்சிவப்புக்குத் தடை |
| காற்று வேகம் | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| தொடங்க ஆகும் காலம் | 3–4 வாரம் | ஒரு மதியம் | 2 மாதம் | ஒரு செமஸ்டர் |

கடைசி வரிசை என் அனுபவம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

நாமே ஒன்றை ஏவலாமா?

கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ஸ்பயர் நிறுவனம் மூன்று செங்கல்லை அடுக்கிய அளவு கியூப்சாட் என்னும் குட்டிச் செயற்கைக்கோள்களில் இதைச் செய்கிறது, அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா காசு கொடுத்து வாங்குகிறது. 2020-இல் விமானங்கள் நின்று விமான வெப்ப அளவுகள் வறண்டபோது ஐரோப்பிய வானிலை மையம் இந்தத் தரவைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே சிறிய பெட்டியில் முடியும். ஆனால் கடையில் கிடைக்கும் ஜி.பி.எஸ். சில்லு 18 கி.மீ. உயரத்திலோ நொடிக்கு 515 மீட்டர் வேகத்திலோ தானாக வாயை மூடிக்கொள்ளும், ஏவுகணைக்குப் பயன்படக்கூடாது என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு. சுற்றுப்பாதையிலோ நொடிக்கு ஏழரை கி.மீ. அந்தப் பூட்டு இல்லாத ரிசீவர், ஆடாத கடிகாரம், விளிம்பைப் பார்க்கும் ஆன்டெனா, செ.மீ. அளவில் தன் பாதையை அறியும் கணக்கு இவ்வளவும் வேண்டும். நமக்கு முன்னோடியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன மேகா-ட்ராபிக்ஸில் ரோசா என்ற மறைப்புக் கருவி இருந்தது. 2023 மார்ச்சில் அந்தச் செயற்கைக்கோளை இஸ்ரோ பசிபிக்கில் இறக்கிவிட்டது.

வந்த கேள்விகளுக்கு

பருவமழை எம்.எஸ்சி. தங்கைக்கு: தலைப்பு 'சென்னையில் கனமழைக்கு முந்தைய ஈரம்' என்றால் காரைக்கால், மீனம்பாக்கம் பலூன்களே போதும். அதையே 'மழை நாள்களில் வங்கக்கடல் மேல் ட்ரோபோபாஸ் எப்படி மாறுகிறது' என்று திருப்பினால் காஸ்மிக்-2, நாளுக்கு முப்பதுக்கு மேல் கிடைக்கும், அவ்வளவு உயரத்தில் நீராவி சொற்பம் என்பதால் உலர் வெப்பநிலைக் கோப்பே போதும், மாதிரியின் கலப்பும் இல்லை. நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

மாடியில் ரிசீவர் கேட்ட தம்பிகளுக்கு: வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத மூலையாகப் பாருங்கள்.

மறைப்புத் தரவு எடுப்பவர்கள் கோப்பின் தலைப்பில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். மேலிருந்து கீழே வருவதற்குள் அளக்கும் இடம் 100 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். 17 கி.மீ.யைப் பற்றிப் பேசினால் 17 கி.மீ. வரியில் உள்ள அட்சரேகையை எடுங்கள், அது அதே கோப்பிலேயே, பக்கத்து நெடுவரிசையில் இருக்கிறது.